பிரளய மண்ணின் வயது

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, மலாக்கா குருபோங் தொழிற்பேட்டையை ஒட்டிய கடைவீட்டு வரிசையில், இரண்டாம் மாடியில் இயங்கும் நித்தியப் பேழை சபையின் குழந்தைகள் வகுப்பில் ஒரு கரப்பான் பூச்சி காணப்பட்டது.

சபைச் செயலாளர் சபாரத்தினம் அதை அன்றே கூட்டக் குறிப்பில் பதிந்தார். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபையின் நாற்பத்தொரு விதிகளும் அவர் எழுதியவை. உதாரணமாகப் பதினான்காம் விதி: தொடர்ந்து பன்னிரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வராதவரின் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். காரணம் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை.

கரப்பானுக்கு விதி எதுவும் இல்லாததால் பொறுப்பு சவரியப்பனிடம் வந்தது. அவருக்கு ஐம்பத்தேழு வயது. சமையல் எண்ணெய் சுத்திகரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வடிகட்டும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. கலங்கலாக வரும் எண்ணெயில் ஒரு வெள்ளைத் தூளைக் கலந்து துணியில் செலுத்தினால் மறுபக்கம் கண்ணாடிபோல் வரும். கடலில் வாழும், கண்ணுக்குத் தெரியாத டயட்டம் என்ற பாசியின் ஓடுகள் அடியில் படிந்து உண்டான மண் அது. தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருமுறை அந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்து அவருக்குக் காட்டினாள். சக்கரங்கள், படகுகள், சீப்புகள். எல்லாம் கண்ணாடி, எல்லாவற்றிலும் வரிசை தவறாத துளைகள். சவரியப்பன் அன்று மதியம் சாப்பிடவில்லை. இதெல்லாம் தானாக வந்தது என்று சொல்கிறவன் ஒரு நாள் வந்து இந்தக் குழாயில் கண்ணை வைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பதில் அவருக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. சபை இதைக் கடைசிவரை பதிவு செய்யவில்லை.

தொழிற்சாலைத் தூளை அவர் சபைக்குக் கொண்டுவரவில்லை. அது சூளையில் சுட்டது. பூச்சியைக் கொல்லாது, மனிதனின் நெஞ்சுக்கும் ஆகாது. சுடாத தூள் பெம்பானில் ரங்கசாமியின் கோழித்தீவனக் கடையில் கிடைக்கும்.

"கோழிக்கா, எறும்புக்கா?" என்று கேட்டார் ரங்கசாமி.

"கரப்பானுக்கு. சர்ச்சுல."

"கரப்பானும் சாமி கும்புட வந்துருச்சா? சரி, மூலையில கோடு மாதிரி லேசா போடுங்க. குவிக்காதீங்க. காத்துக்கு எதுத்தாப்ல நின்னு கொட்டாதீங்க அண்ணே, மூக்குல ஏறும். மாஸ்க் இருக்குல்ல?"

"இருக்கு லா."

இந்த உரையாடல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அடுத்த பதினொரு மாதங்களில் சபை இந்தத் தூளைப் பற்றிப் பத்தொன்பது கூட்டங்கள் நடத்தியது. ரங்கசாமி சொன்னதற்கு மேல் பயனுள்ள ஒரு வாக்கியம் அவற்றில் சொல்லப்படவில்லை.

கரப்பான்கள் மூன்று வாரத்தில் செத்தன. போதகர் டாரியஸ் அந்தத் தூளைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். டாரியஸுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊழியத்துக்கு வருமுன் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அவர் தேடியதில் இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, இந்த மண் படிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின என்று உலகம் சொல்கிறது. இரண்டு, நோவாவின் பிரளயத்தில் ஒரே ஆண்டில் படிந்தது என்று விசுவாசிகள் சொல்கிறார்கள்.

"சகோதரர்களே, நம்ம கிளாஸ்ரூம்ல கரப்பானைக் கொன்னது யாரு?" என்று அவசரக் கூட்டத்தில் கேட்டார்.

சவரியப்பன் கையைத் தூக்கினார்.

"பிரளயம்!" என்றார் டாரியஸ். "அன்னைக்கு அக்கிரமக்காரனைக் கொன்ன அதே பிரளயம். அங்கிள், கையைக் கீழ போடுங்க."

தூளுக்குப் பிரளய மண் என்று பெயர் சூட்டப்பட்டது. படைப்பு அறிவியல் ஊழியம் என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, கைப்பேசி உறை விற்கும் கெவின் அதன் தலைவரானார். முதல் பணி மண்ணின் வயதைத் தீர்மானிப்பது. கெவின் 4,300 ஆண்டு என்றார். இன்னொருவர் 4,500 என்றார். ஜெபித்துவிட்டு வாக்கெடுத்தார்கள். ஆறுக்கு நாலு என்ற கணக்கில் மண் 4,300 ஆண்டு பழையதானது.

"ஒரு சிக்கல் இருக்குது. அடுத்த வருசம் அது 4,301 ஆகிவிடும். அச்சடிச்சு வைக்கிற ஒட்டுச்சீட்டு எல்லாம் பொய்யாப் போகும்" என்றார் சபாரத்தினம்.

இதைத் தீர்க்க இன்னொரு கூட்டம் தேவைப்பட்டது. 'ஏறத்தாழ' என்ற சொல்லைச் சேர்ப்பது விசுவாசக் குறைவாகத் தோன்றும் என்று முடிவாகி, வயதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்தத் தீர்மானித்தார்கள்.

ஞாயிறுதோறும் சாட்சிகள் வந்தன. மோனிக்கா என்ற சகோதரி குளிர்பெட்டியில் ஒரு கிண்ணம் வைத்தார். கருவாட்டு வாடை போயிற்று. ஒருவர் காலணிக்குள் தூவினார். ஒருவர் பித்தளை விளக்கிக் காட்டினார். கோழிக்குப் பேன் போனது, நாய்க்கு உண்ணி போனது. பல் துலக்கியவர் மேடையில் பல்லைக் காட்டினார், சபை கைதட்டியது. இவையெல்லாம் உண்மைதான். நல்ல மண், கையில் கொஞ்சமாக எடுத்துக் கவனமாகப் பயன்படுத்தினால் வீட்டில் பத்து வேலைக்கு உதவும். சவரியப்பன் வீட்டிலும் அரிசிப் பானைக்குக் கீழே அது இருந்தது.

ஆனால் டாரியஸுக்குப் பத்து வேலை போதவில்லை.

"டைனமைட் தெரியுமா? வெடிமருந்து தொட்டாலே வெடிக்கும். அதை இந்த மண்ணுலதான் ஊற வச்சாங்க, அடங்கிருச்சு! வெடிமருந்தையே அடக்குற மண்ணு, உன் புருசன் கோவத்தை அடக்காதா?" என்று பிரசங்கித்தார்.

அன்று ஆராதனை முடிந்ததும் சபை டப்பாவில் அடைத்து விற்ற மண் எழுபது டப்பா போயிற்று.

பெம்பான் கடையில் அவ்வளவு தூள் இல்லை. நீச்சல்குளச் சாமான் விற்கும் ஒரு கிடங்கிலிருந்து கெவின் இருபது கிலோ மூட்டைகளை இறக்கினார். பெம்பான் தூள் சற்றுப் பழுப்பு. இது பால் வெள்ளை.

"பாத்தீங்களா, பிரளயத்துல கழுவுன மண்ணு. அழுக்கே இல்ல" என்றார் டாரியஸ்.

சவரியப்பன் மூட்டையின் பக்கவாட்டைப் படித்தார். ஒரே கட்டத்தில் மூன்று வரிகள் இருந்தன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவானது. சூளையில் சுடப்பட்டது, வடிகட்டுவதற்கு மட்டும். தூசியைச் சுவாசிக்காதீர்கள், முகக்கவசம் அணியுங்கள்.

"பாஸ்டர், இது வேற சாமான். நம்ம கிலாங்ல, ஃபேக்டரியில, இதைக் கொட்டும்போது பெரிய மாஸ்க் போடச் சொல்வாங்க. வருசா வருசம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பாங்க."

டாரியஸும் படித்தார். அவர் முகம் மாறியது. சவரியப்பனுக்கு நிம்மதியாக இருந்தது.

"லட்சம் வருசமா!" என்றார் டாரியஸ். "இதை நம்ம சகோதரிகள் படிச்சா என்னா ஆவறது? உடனே மறைக்கணும்."

முதலில் அந்த ஒரு வரியை மட்டும் மறைக்கச் சிறிய ஒட்டுச்சீட்டு போதும் என்றார்கள். அதில் சரியான வயது இருக்க வேண்டும் என்றார் கெவின். வயது இருந்தால் வசனம் இருக்க வேண்டும் என்றார் சபாரத்தினம். வசனம் இருந்தால் பேழை இருக்க வேண்டும், பேழை இருந்தால் போதகர் படம் இருப்பது முறை. ஒட்டுச்சீட்டு ஒரு சாண் அகலமானது. ஒட்டியபோது மூன்று வரிகளும் அதன் அடியில் போயின. மூட்டையில் இப்போது படிக்கக் கிடைத்தது இதுதான்: 'பிரளய மண். வயது 4,300 ஆண்டு. கர்த்தரின் கரத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு.'

மூட்டையிலிருந்து டப்பாக்களில் அள்ளிப் போடும் வேலையைப் பெண்கள் பிரிவு ஏற்றது. பொதியல் ஒழுங்காளர் என்ற பதவி உருவாக்கப்பட்டு, சவரியப்பனின் மனைவி இருதயம்மாளுக்குத் தரப்பட்டது. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் துப்புரவு வேலை. சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு; கைப்பையில் எப்போதும் நீலநிற மருந்துக்குழல் இருக்கும். சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று, மூச்சை எண்ணி எண்ணிப் பாடுவார்.

"நீ அதைத் தொடாத இருதயம். உனக்கு அது ஆகாது" என்றார் சவரியப்பன்.

"இருபது வருசமா மாப்பு புடிச்ச கை இது. இப்பதான் ஒருத்தர் பேட்ஜு குத்திவிட்டாரு. அது உங்களுக்குப் பொறுக்கல."

"பேட்ஜைப் போட்டுக்க. மாஸ்க்கும் போட்டுக்க. மூட்டையில எழுதியிருந்துச்சு, நான் படிச்சேன்."

"எங்க எழுதியிருக்கு? நானுந்தான் தினம் பாக்குறேன். பாஸ்டர் மூஞ்சிதான் இருக்கு."

கைக்குட்டை கட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். கட்டவும் செய்தார். படம் எடுக்க டாரியஸ் வரும்போது மட்டும் அவிழ்ப்பார். அவர் வாரத்துக்கு மூன்று முறை படம் எடுக்க வந்தார்.

ஜூலையில் இருதயம்மாள் மாடிப்படியில் ஒருமுறை நின்று ஏறினார். ஆகஸ்டில் இரண்டு முறை. அதே ஆகஸ்டில் கரப்பான்களும் திரும்பி வந்து, வெள்ளைத் தூளின் மேல் தடம் பதித்து நடந்தன. சுட்ட தூளுக்குப் பூச்சி சாகாது என்று சவரியப்பன் சொன்னார். குழந்தைகள் வகுப்பில் விசுவாசம் தளர்ந்திருப்பதாகக் குறிப்பில் எழுதப்பட்டது.

ஒவ்வொரு கூட்டத்திலும் பேச அவர் கை தூக்கினார். நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பு கடைசியில் இருந்தது. அதற்கு முன் நிறைவு ஜெபம் இருந்தது.

"எழுத்தில தாரும். எழுத்தில தந்தால் நான் பதியாமல் இருக்க ஏலாது" என்றார் சபாரத்தினம். அவர் நேர்மையான மனிதர்.

சவரியப்பன் தாமான் குடியிருப்பில் உள்ள தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். மூட்டையில் மறைக்கப்பட்ட வரியைத் திரும்பக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். சபாரத்தினம் அதைப் பதிந்தார். பொருள்: மண்ணின் வயது பற்றிய வரியை மீண்டும் காட்டுமாறு உறுப்பினர் கோரிக்கை.

அக்டோபர் 8, ஆராதனைக்குப் பிறகு விசுவாச உறுதி விசாரணை நடந்தது. மேசைக்குப் பின்னால் டாரியஸ், சபாரத்தினம், கெவின். முன்னால் சவரியப்பன், குழந்தைகள் வகுப்பின் சிறிய நாற்காலியில். பெரியவை பொதியல் அறையில் இருந்தன.

"நேரா கேக்குறேன் அங்கிள். பூமிக்கு வயசு என்னா?" என்றார் டாரியஸ்.

"ஆறாயிரம் வருசம் ஐயா."

கெவின் ஏமாற்றத்துடன் பேனாவை வைத்தார்.

"பிரளயம் உண்மையா?"

"உண்மை."

"அப்ப அந்த வரியை ஏன் காட்டச் சொல்றீங்க?"

"அந்த வரி இல்ல பாஸ்டர். அதுக்குக் கீழ உள்ள வரி. தூசியை மூச்சுல இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, அது."

"ரெண்டையும் எழுதுனது ஒரே ஆள்தானே?" என்றார் கெவின். "மேல் வரியில பொய் சொன்னவன் கீழ் வரியில மட்டும் உண்மை சொல்வானா?"

டாரியஸ் கெவினைப் பெருமையுடன் பார்த்தார். இந்த வாதம் பிறகு துண்டறிக்கையாக வந்தது.

"தம்பி, மண் ஆறாயிரம் வருசமோ அறுவது லட்சமோ, மூக்குக்குள்ள போனா இருமல் வரும். என் பொண்டாட்டிக்குப் படியேற முடியல. அந்தக் கண்ணாடி ஓடுகளை ஆண்டவர் எவ்வளவு கூரா செஞ்சிருக்கார்னு நான் பாத்தேன். நீங்க யாராச்சும் பாத்தீங்களா? வாங்க, கிலாங்ல கேட்டுக் காட்டச் சொல்றேன்."

டாரியஸ் வேதாகமத்தைத் திறந்தார்.

"ஆண்டவர் படைச்ச எல்லாம் நல்லதுன்னு ஆதியாகமத்துல இருக்கு" என்றார் டாரியஸ் மெதுவாக. "நல்லதா இருக்குற ஒன்னு நெஞ்சுக்குக் கெட்டதுன்னு நீங்க சொல்றீங்க. இதுல யாரை நம்பறது அங்கிள்?"

"மூங்கில் குருத்தும் அவர் படைச்சதுதான். பச்சையாத் தின்னா விஷம், அவிச்சுத்தான் திங்கிறோம்."

சபாரத்தினம் சிரித்துவிட்டார். உடனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சவரியப்பன் கண்காணிப்பில் வைக்கப்படுவதாக முடிவு பதிவானது. மூங்கில் குருத்து பதிவாகவில்லை.

நவம்பர் 19 பிரளய ஞாயிறாக அறிவிக்கப்பட்டது. மேடையில் ஒட்டுப்பலகையால் பேழை கட்டினார்கள். பிரளயத்தில் மண் எப்படிப் படிந்தது என்பதை நாற்பது நொடியில் சபையார் கண்ணால் காண வேண்டும் என்பது கெவினின் திட்டம். பேழையின் கூரையிலிருந்து இரண்டு மூட்டைகள் கவிழ்க்கப்படும். பட்டறை மின்விசிறி ஒன்று அதை வீசும். பொதியல் ஒழுங்காளர் இருதயம்மாள் நோவாவின் மனைவியாகப் பேழையின் வாசலில் நிற்பார். நோவாவின் மனைவிக்கு வசனம் இல்லை. ஒரு பாட்டு இருந்தது. இருபது ஆண்டுகளில் அவருடைய முதல் தனிப்பாட்டு.

"பாட்டை மட்டும் பாடிட்டு இறங்கிடு" என்று காரில் வரும்போது சவரியப்பன் கேட்டார்.

"அப்ப நோவா பொண்டாட்டி முழுகிப் போனாளா? பேசாம ஓட்டுங்க" என்றார் இருதயம்மாள். மூன்று முறை நின்று இரண்டாம் மாடிக்கு ஏறினார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

சவரியப்பன் சொந்தமாக வாங்கிய முகக்கவசங்கள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். மாடிப்படியில் நின்று வருகிறவர்களுக்குக் கொடுத்தார். சிலர் வாங்கினார்கள். மண்டப வாசலில் வரவேற்பாளர்கள் அவற்றைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார்கள்.

"அங்கிள், கொரோனா எம்சிஓ முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு லா. பிரளய ஞாயித்துக்கிழமை எல்லாரும் மூஞ்சியை மூடிட்டு உக்காந்தா லைவ்ல பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றார் டாரியஸ்.

குளிர்சாதனத்துக்காகச் சன்னல்கள் மூடியிருந்தன. நூற்றிருபது பேர் இருந்தார்கள். இருதயம்மாள் பாடினார். முதல் அடியில் குரல் நடுங்கியது, இரண்டாம் அடியில் நேரானது. சவரியப்பன் கடைசி வரிசையில் எழுந்து நின்றார். மூன்றாம் அடியில் கெவின் மூட்டைகளைக் கவிழ்த்தார்.

மண் நாற்பது நொடியில் படியவில்லை. இருபத்தைந்து நிமிடம் காற்றில் நின்றது. நேரலையில் முதலில் வெண்மை தெரிந்தது, பிறகு இருமல் கேட்டது, பிறகு டாரியஸின் குரல்: "பாருங்க, லட்சம் வருசமா ஆச்சு? ஒரு நிமிசம்! ஒரே நிமிசம்!" சவரியப்பன் நாற்காலிகளில் மோதிக்கொண்டு மேடைக்குப் போனபோது நோவாவின் மனைவி பேழையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். மருந்துக்குழல் இருந்த கைப்பை கீழே முதல் வரிசையில் இருந்தது.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணகுமாரி கேட்ட முதல் கேள்வி, என்ன தூள் என்பது.

"சுட்ட தூள் டாக்டர். வடிகட்டுறது."

"எவ்ளோ நாளா?"

"ஆறு மாசமா அள்ளிப் போடுறாங்க. இன்னைக்கு ரெண்டு மூட்டை தலை மேல கொட்டுனாங்க."

"யாரு?"

"சபையில."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் அங்கிள். ஆனா ரிப்போர்ட்ல போட லேபிள் வேணும். மூட்டை கிடைக்குமா?"

மறுநாள் சவரியப்பன் ஒரு காலி மூட்டையைக் கொண்டுவந்தார். டாக்டர் ஒட்டுச்சீட்டின் மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். சபை நல்ல பசை வாங்கியிருந்தது. அடியில் இருந்த எழுத்து காகிதத்தோடு சேர்ந்து கிழிந்து வந்தது. கடைசியில் மேல் வரி மட்டும் பாதி மிஞ்சியது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

மருத்துவமனை சபைக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டது. சபாரத்தினம் ஆறு நாளில் முறையான பதில் அனுப்பினார். பொருளின் பெயர்: பிரளய மண். வயது: 4,300 ஆண்டு. சேர்மானம்: கர்த்தரின் படைப்பு. கூடுதல் விவரம்: இல்லை.

இருதயம்மாள் பதினொன்றாம் நாள் வீடு திரும்பினார். நுரையீரலின் வேலை பாதிக்கும் கீழே என்று அறிக்கை சொன்னது. மூக்கில் பிராணவாயுக் குழாய். சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடக்கலாம், படி ஏறக்கூடாது. பாடுவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. ஞாயிறு காலை சேலை கட்டி, பேட்ஜைக் குத்திக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஆராதனை பார்த்தார்.

"கீழ கடையில நாற்காலி போட்டு உக்கார வைக்கலாமான்னு கேட்டுப் பாருங்களேன். ஸ்பீக்கர் வச்சா கேக்கும்" என்றார்.

சவரியப்பன் கேட்டார். கீழ்த்தளம் கார் டயர் கடை. சபையின் எல்லைக்குள் வராது. எல்லைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரை வருகையில் சேர்க்க விதி இல்லை. எழுத்தில் தரச் சொன்னார் சபாரத்தினம்.

கிறிஸ்துமஸுக்குப் பிரளய மண் சிறப்பு டப்பா வந்தது. ஒட்டுச்சீட்டில் நோவாவின் மனைவி படம் சேர்க்கப்பட்டிருந்தது. மூன்றாம் அடியில் எடுத்த படம். வாய் திறந்திருந்தது.

2024 பிப்ரவரி 11-ஆம் தேதியோடு பன்னிரண்டு ஞாயிறு முடிந்தது. பதினான்காம் விதியின்படி இருதயம்மாளின் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக 13-ஆம் தேதியிட்ட கடிதம் வந்தது. பேட்ஜைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. சவரியப்பன் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"கையெழுத்து யாரு?" என்று கேட்டார் இருதயம்மாள்.

"சபாரத்தினம்."

"தப்பில்லாம எழுதியிருக்காரா?"

"ஒரு தப்பும் இல்ல."

அவர் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிப்ரவரி 18 முதல் சவரியப்பன் சபைக்குப் போகவில்லை. அவருக்கான கடிதம் மே 7-ஆம் தேதி வந்தது.